சத்தியபாயின் மீன்கள்

சத்தியபாய்க்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் அவள் குடியிருக்கும் தெருவில் யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் பாயசம் வரும்வரை பந்தியில் உட்கார்ந்திருக்க மாட்டாள். பாதியில் எழுந்துபோய் பரிமாறுகிறவர்களோடு நிற்பாள். அய்யாவழிக் குடும்பம். கும்பிடும் இடமான நிழல்தாங்கலில் எல்லோரும் கண்மூடி உட்கார்ந்து உகப்படிப்பு சொல்லிக்கொண்டிருக்கும்போதுகூட அவளுடைய விரல் மட்டும் தரை மணலில் எதையாவது கிறுக்கிக்கொண்டிருக்கும்.

பத்தாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு அவள் பார்க்காத வேலை இல்லை. முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீசுக்குப் போனாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே பருப்பை ஒரே மாதிரித் தோலுரிக்க முடியாமல் நின்றுவிட்டாள். தையல் படித்தாள். ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஏதாவது சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவாள், திரும்பிவந்து தைத்தால் இரண்டு கையும் இரண்டு அளவில் வரும். தோவாளையில் பூக்கட்டினாள், நாகர்கோவிலில் துணிக்கடையில் நின்றாள். எங்கேயும் ஒரு வருஷம் முழுசாகத் தங்கவில்லை. குமாரதாஸைக் கட்டிக்கொண்டபோது, இந்தப் பெண் அங்கேயும் தங்கமாட்டாள் என்று சொந்தத்தில் சிலர் வாய்விட்டே சொன்னார்கள்.

ஆனால் அங்கே தங்கினாள். குமாரதாஸ் வெல்டர். கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்வார். அவரைப்போல நிதானமான மனிதரைப் பார்ப்பது அரிது. ஒரு கீலைப் பொருத்த வேண்டுமென்றால் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஒரு சாயா குடித்து, பிறகுதான் கை வைப்பார். அவள் பறந்தால் இவர் நிற்பார். இரண்டு பேருக்கும் சண்டை வந்ததில்லை என்றில்லை, வந்த சண்டைகளில் பாதி அவர் பதில் சொல்வதற்குள் ஆறிப்போயின.

மகள் நந்தனா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு சத்தியபாய் ஊருக்கு வெளியே இருந்த செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தாள். அச்சில் வார்த்த பச்சைக் கற்களைக் காய அடுக்குகிற வேலை. மத்தியானம் மற்றவர்கள் வேப்பமர நிழலில் தலை சாய்ப்பார்கள். இவளுக்குத் தூக்கம் வராது. ஒரு நாள் ஈர்க்குச்சியை எடுத்து, பக்கத்தில் ஊர்ந்துபோன நத்தையைப் பார்த்து, ஒரு பச்சைக் கல்லில் கிழித்தாள். மறுநாள் தொட்டாவாடிச் செடி, அதற்கு மறுநாள் வயலில் நின்ற கொக்கு. கற்கள் வெந்து சூளை பிரித்தபோது முதலாளி திட்டிய திட்டு தெருவரைக்கும் கேட்டது. ஆனால் கல் வாங்க வந்த ஒருவர் நத்தைக் கல்லையும் கொக்குக் கல்லையும் பொறுக்கித் தனியாக எடுத்துப் போனார், தன் வீட்டு வாசற்படிக்கு வைக்கப்போவதாகச் சொல்லி. ஈர மண்ணில் கிழித்தது தீக்குள் போய் வந்தால் அழியாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அதுவரை அவள் கை கிறுக்கியதெல்லாம் காற்றோடும் மழையோடும் போயிருந்தது.

வீட்டில் மண் தகடு தட்டத் தொடங்கினாள். மண்ணைச் சலித்துப் பிசைந்து, சப்பாத்திபோலப் பரத்தி, பழைய குடைக்கம்பியால் அதில் கிழித்தாள். கண்ணாடிபோல மினுங்க மேலே பூசும் கிளேஸை எப்படிக் கலக்குவது என்று போனில் பார்த்தாள், புரியாத இடத்தை நந்தனா சொல்லிக்கொடுத்தாள். குமாரதாஸ் ஒரு பழைய எண்ணெய் டிரம்மை வெட்டி, உள்ளே சூடு தாங்கும் பஞ்சை ஒட்டி, கேஸ் பர்னர் வைத்து ஒரு உலை செய்தார். அதைச் செய்ய அவருக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது.

முதல் உலையை அவள் கெடுத்தாள். தீயை அணைத்த பிறகு உலை தானாக ஆறவேண்டும், அதற்குள் திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பது வெடிக்கும் என்று நந்தனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். காலையில் குமாரதாஸ் பட்டறைக்குப் போனதும் இவள் மூடியைத் தூக்கிவிட்டாள். உள்ளே ஒவ்வொன்றாக டிக் டிக்கென்று கீறிய சத்தம் அவளுக்கு வெகுகாலம் காதில் இருந்தது. இரண்டாம் முறையும் அப்படியே நடந்தது. மூன்றாம் முறை குமாரதாஸ் உலை மூடியில் ஒரு கொண்டி வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அவள் உலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள், முற்றத்தைக் கூட்டினாள், கூட்டிய முற்றத்தை மறுபடி கூட்டினாள். சாயங்காலம் அவர் வந்து பூட்டைத் திறந்தபோது தகடுகள் முழுசாக இருந்தன. பச்சையும் தேன்நிறமுமாக அல்லிக்கொடிகள், வாழைக்கூம்பு, கதிரில் தொத்திய வெட்டுக்கிளி. சுவரில் மாட்டுகிற தட்டுகள்.

அவை விற்றன. ஒரே சங்கடம், அவளால் ஒன்றைப்போல இன்னொன்று செய்ய முடியாது. ஆறு தட்டு ஒரே மாதிரி வேண்டுமென்று கேட்டவருக்கு ஆறு விதமான தவளைகள் போயின. முதலில் கோபப்பட்டவர்கள் பிறகு அதையே கேட்டு வந்தார்கள்.

நாகர்கோவிலில் நடந்த ஒரு கண்காட்சியில்தான் ராஜகுமார் அவளைப் பார்த்தார். கன்னியாகுமரியில் லாட்ஜ் வைத்திருப்பவர். வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருக்கும் சுவர் முழுவதற்கும் டைல் வேண்டும், எல்லாம் கடலும் மீனுமாக இருக்கவேண்டும் என்றார். வயல்காட்டுக்காரி கடலை அதிகம் பார்த்தவளில்லை. தை அமாவாசைக்குக் கன்னியாகுமரி போனால் முழங்கால்வரை நனைப்பாள், அவ்வளவுதான். ஆனாலும் சரி என்றாள். மறுநாளே வடசேரிச் சந்தைக்குப் போய் சாளை, அயிலை, நவரை, பாறை என்று வகைக்கொன்று வாங்கி வந்து, வாழையிலையில் பரத்திவைத்து, செதிலுக்குச் செதில் பார்த்துக் கிழித்தாள். அவ்வளவு பொறுமையாக அவள் எந்த வேலையும் செய்ததில்லை. குமாரதாஸே வந்து வந்து எட்டிப் பார்த்தார்.

சுவரில் பதித்ததும் ராஜகுமாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இடுக்குகளில் ஒட்டிய சிமெண்டைத் துணியால் துடைக்க சத்தியபாய் போயிருந்த அன்று, லாட்ஜ் அடுக்களைக்கு மீன் போடுகிற எலிசா உள்ளே வந்தாள். மேற்கே இருக்கும் கடற்கரை ஊர்க்காரி, ஏறக்குறைய இவள் வயதுதான். கூடையை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் கைகொடுத்துச் சுவரை வெகுநேரம் பார்த்தாள்.

“நீங்களா செஞ்சிய?”

சத்தியபாய் ஆமாம் என்றாள்.

“நல்லாருக்கு. சாள, அயில, நவர எல்லாம் அச்சு அசலா தெரியுது.” கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். “ஆனா எல்லாம் செத்துல்லா கிடக்கு.”

குறையாகச் சொன்னதுபோலவும் இல்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். சத்தியபாய் சிரித்துக்கொண்டு துடைத்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, போனில் எடுத்திருந்த படத்தைப் பார்த்தபோதுதான் சிரிப்புப் போனது. எல்லா மீனும் இடப்பக்கம் தலைவைத்து ஒருச்சாய்ந்து படுத்திருந்தன. வாய்கள் லேசாகத் திறந்திருந்தன, வால் துவண்டிருந்தது. கண்கள் எதையும் பார்க்கவில்லை. சந்தைப் பலகையில் கிடந்ததை அப்படியே சுவரில் ஏற்றியிருக்கிறாள். அவளுடைய தவளைகளையும் கொக்குகளையும் நினைத்துப் பார்த்தாள். அவை எல்லாம் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தன. இந்த மீன்கள் குழம்புக்குக் காத்திருந்தன.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கலர்மீன் விற்கிற கடையில் போய்க் கண்ணாடித் தொட்டி முன்னால் நின்றாள். அவை வட்டம் சுற்றின, அது கடல்மீன் இல்லை. குளத்தங்கரையில் போய் நின்றாள், கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. நந்தனா, வேலூரில் நர்சிங் படிக்கிறவள், போனில் வீடியோக்களாக அனுப்பினாள். அதையும் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தாள். வேறு யாரோ பார்த்த மீனாக அது இருந்தது.

“அந்த ஆளுக்குப் பிடிச்சிருக்குல்லா,” என்றார் குமாரதாஸ். “பொறவு என்னத்துக்கு இந்த வெப்ராளம்?”

“எனக்குப் பிடிக்கல்ல,” என்றாள். அந்த வேதனைக்கு அவளிடமும் வேறு பெயர் இல்லை.

கடைசியில் எலிசாவைத் தேடிக்கொண்டு அவள் ஊருக்கே போனாள். உயிருள்ள மீனைப் பார்க்கவேண்டும், வள்ளத்தில் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டாள். எலிசா சிரித்தாள். அவளுடைய வீட்டுக்காரர் ததேயுஸ், வலை பிரித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கவே இல்லை. பெண்களை வள்ளத்தில் ஏற்றுகிற வழக்கம் அங்கே இல்லை. ஆனால் வாரக்கடைசியில் கரமடி வலை வளைப்பார்கள், கரையில் நின்றே பார்க்கலாம், வா என்று எலிசா சொல்லி அனுப்பினாள்.

சொன்ன நாளில் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள். ஒரு வள்ளம் வலையைக் கடலுக்குள் அரைவட்டமாகப் போட்டுவிட்டு வந்திருந்தது. வலையின் இரண்டு முனையிலும் கட்டிய நீளக் கயிறுகள் கரைக்கு வந்திருந்தன. கயிற்றுக்கொரு வரிசையாக ஆட்கள் நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்துக்கொண்டே பின்னோக்கி நடந்தார்கள். வரிசையின் கடைசியில் போனவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து தண்ணீர்ப்பக்கம் முதலாவதாகப் பிடிப்பார். சத்தியபாய் மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாக்க வந்தவ சும்மா நின்னா கயறு ஆரு இழுக்க?” என்றாள் எலிசா. “பிடி, ஏட்டி.”

பிடித்தாள். அந்த வேலையில் யாரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பின்னால் நடக்கவேண்டும், ஓடவேண்டும், மறுபடி பிடிக்கவேண்டும். உள்ளங்கை எரிந்தது, தோள் கழன்றுவிடும்போல இருந்தது, ஆனால் பல நாட்களுக்குப் பிறகு மனசு அடங்கியிருந்தது. வெயில் ஏறியது. வலையைத் தாங்கிக் கடலில் மிதந்த கட்டைகள் மெல்லக் கரையை நெருங்கின. யாரோ கை நீட்டிக் காட்டினார்கள்.

முதலில் தண்ணீரில் ஒரு கரும்படலம்தான் தெரிந்தது. அது மீன் என்று அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது. செதிலும் இல்லை, கண்ணும் இல்லை, மேலே இருந்து பார்க்க வெறும் முதுகுகள். ஆயிரக்கணக்கான கறுத்த முதுகுகள் ஒன்றாக ஒரு பக்கம் திரும்பின, வலை இடித்ததும் ஒன்றாக மறுபக்கம் திரும்பின. நெற்பயிரில் காற்று விழுந்து எழுந்து போகுமே, அதுபோல. பிறகு ஓர் அலை எழுந்தது. எழுந்த அலையின் சுவருக்குள், பச்சைத் தண்ணீருக்குள், அயிலைகள் பக்கவாட்டில் தெரிந்தன. ஒன்றுகூடப் படுத்திருக்கவில்லை. ஒவ்வொன்றும் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

வலையின் மடி கரையேறியதும் எல்லோரும் அதன்மேல் குனிந்தார்கள். சத்தியபாய் ஓர் அயிலையைக் கையில் எடுத்தாள். முதுகில் பச்சைக் கோடுகள் ஓடி ஓடி மினுங்கின. துடித்தது, இன்னொரு முறை துடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடுகளிலிருந்து பச்சை இறங்கிப்போய், சந்தையில் பார்த்த சாம்பல்நிறம் வந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் அப்படியே. பைத்தியக்காரிபோல ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவளை எலிசாதான் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

அந்தப் பச்சையைப் பிடித்துவிட வேண்டுமென்று வீட்டுக்கு வந்தாள். கிளேஸில் செம்புப்பொடியைக் கூட்டினாள், குறைத்தாள். ஒரு தடவை கறுத்தது. ஒரு தடவை கொத்தமல்லித் துவையல்போல வந்தது. ஈரத் தகடுகள் காயும்வரை பொறுக்காமல் ஃபேனுக்குக் கீழே வைத்தாள், அப்பளம்போல வளைந்தன. குமாரதாஸ் சாவியோடு வேலைக்குப் போவதும் திரும்பிவருவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் பூட்டைத் திறந்துவிட்டு, உள்ளே பார்க்காமல் அவள் முகத்தைப் பார்ப்பார்.

ஒரு நாள் குடைக்கம்பியைத் தூக்கி எறிந்தாள். கோபத்தில்தான். எதிரே ஈரத் தகடுகள் வரிசையாகக் கிடந்தன, கரைத்துவைத்த கறுப்புக் களிமண் கிண்ணத்தில் இருந்தது. அதில் விரலை முக்கி ஓர் இழுப்பு இழுத்தாள். முதுகு. பக்கத்தில் இன்னொன்று. தகட்டுக்குத் தகடு தாண்டி, யோசிக்காமல், கயிறு இழுத்தபோது கால் போன வேகத்தில் விரல் போனது. மேலே இருந்து பார்த்த முதுகுகள், எல்லாம் சேர்ந்து திரும்புகிற இடம். நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது, கிண்ணம் காலி. அன்றைக்கு அவள் அதைத் தொடாமல், வெளியே போய்த் திண்டில் உட்கார்ந்து குமாரதாஸ் வரும்வரை காத்திருந்தாள். அந்தத் தகடுகள் நிழலிலேயே காய்ந்தன. மேலே மெல்லிய பச்சைப் பூச்சு மட்டும் கொடுத்தாள். உலை திறந்தபோது அவள் தேடிய பச்சை வரவில்லை, ஆனால் கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. குமாரதாஸ் டைல்களைத் தரையில் சேர்த்து அடுக்கினார். அடுக்கி முடித்து எழுந்து, ஓரமாக நடந்தே சுற்றிப் பார்த்தார், மீனை மிதித்துவிடக் கூடாது என்பதுபோல.

ராஜகுமாரிடம் போய், பழையதை எடுத்துவிட்டு இதைப் பதிக்கவேண்டும், கூலி ஒன்றும் வேண்டாம் என்றாள். அவர் கும்பிடாத குறையாக மறுத்தார்.

“வாற ஆளுவ எல்லாம் அதுக்க முன்ன நின்னு போட்டோ எடுக்காவ, அக்கா. நல்லா இருக்கத உடச்சா என்ன கிறுக்கன்னு சொல்லமாட்டாவளா?”

“அது செத்த மீனு,” என்றாள்.

“ஆருக்குத் தெரியும்?”

அந்தக் கேள்விதான் அவளைக் கெடுத்தது. மழைக்காலம், லாட்ஜில் கூட்டமில்லாத ஒரு காலையில், குமாரதாஸின் உளியையும் சுத்தியலையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனாள். மேசையில் இருந்த பெண்ணிடம் ஒரு டைல் ஆடுகிறது, சரிசெய்ய வந்தேன் என்றாள். அந்தப் பெண் சாவிகளை அடுக்கிக்கொண்டிருந்துவிட்டு நிமிர்வதற்குள் ஒரு நவரையும் இரண்டு சாளைகளும் தரையில் கிடந்தன. ராஜகுமார் செருப்புப் போடாமல் மாடியிலிருந்து ஓடிவந்தார். நல்ல மனிதர், போலீசைக் கூப்பிடவில்லை. குமாரதாஸுக்குப் போன் போட்டார். குமாரதாஸ் வந்து மன்னிப்புக் கேட்டு, உடைந்த சில்லுகளைக் கூட்டி அள்ளினார். சத்தியபாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறர் வீட்டுச் சுவரை உடைத்தது அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. உடைத்த இடத்தைப் பார்க்கையில் மட்டும் மூச்சு லேசாக வந்தது.

ராஜகுமார் அந்த ஓட்டையை மறைத்து ஒரு பெரிய டிவியை மாட்டிவிட்டார். இன்றைக்கும் அங்கே மீன்களுக்கு நடுவில் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது.

திரும்பிவரும் பஸ்ஸில் சுசீந்திரம் தாண்டியதும் குமாரதாஸ் பையிலிருந்த உளியை எடுத்துப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

“இது மொன மழுங்கிப் போச்சு. போகுமுன்ன கேட்டிருந்தா சாணை பிடிச்சுத் தந்திருப்பேன்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து அழுகையாகிவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

புது டைல்கள் பட்டறையில் சாக்குக்கு அடியில் கிடந்தன. விலைக்குக் கேட்டவர்களுக்கு அவள் கொடுக்கவில்லை. நந்தனா விடுமுறைக்கு வந்தபோது அதைப் படமெடுத்தாள், அந்தப் படத்தை சத்தியபாய் எலிசாவுக்கு அனுப்பினாள். அடுத்த வாரமே ததேயுஸும் இன்னும் இரண்டு பேரும் ஒரு மினி லாரியில் வந்து இறங்கினார்கள். தங்கள் கடற்கரையில் வலை பிரிப்பதற்கென்று போட்ட கொட்டகைக்கு அப்போதுதான் சுவர் எடுத்திருந்தார்கள், அது வெறுமையாகக் கிடந்தது.

பதிக்கிற அன்று ஊரே நின்று ஆளுக்கொரு குறை சொன்னது. ஒருவர் இது அயிலைக் கூட்டம் என்றார், இன்னொருவர் திரும்புகிற வாட்டத்தைப் பார்த்தால் சாளை என்றார். கடல் நீரோட்டம் இந்தப் பக்கம் இழுக்கிறது என்றும், இல்லை, அந்தப் பக்கம் என்றும் பேச்சு முற்றி, சிமெண்டு குழைக்கிறவரே வேலையை விட்டுவிட்டுத் தர்க்கத்தில் சேர்ந்துகொண்டார். ததேயுஸ் மட்டும் இடது ஓரத்து டைல் ஒன்றைக் காட்டினார்.

“திரும்பும்போது ஓரத்து மீனுதான் முதல்ல திரும்பும். இது பிந்தி நிக்குது.”

சத்தியபாய் அதைப் பார்த்தாள். சொன்னது சரிதான். ஈரச் சிமெண்டிலிருந்து அந்த டைலை விரலால் நெம்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பதிலாக அவள் கொண்டுபோன முதல் டைல் அவளுக்கே பிடிக்காமல் திரும்பி வந்தது. இரண்டாவது, வழியில் உடைந்தது. மூன்றாவதைப் பதித்தார்கள்.

இப்போது அவளுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கரமடி வளைக்கிற காலத்தில் எலிசா போன் செய்வாள், இவள் உலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். இழுத்து முடித்து மீன் பங்குவைக்கும்போது, கயிறு பிடித்த மற்றவர்களுக்கு வைப்பதுபோல அவளுக்கும் ஒரு குவியல் வைக்கிறார்கள். அதைப் பையில் கட்டிக்கொண்டு, உப்பு காய்ந்த சேலையோடு, பஸ்ஸின் கடைசி சீட்டில் வருவாள். பூதப்பாண்டியில் இறங்கி நடந்தால் தெருப்பூனைகள் பின்னாலேயே வரும். குமாரதாஸ் வேலையை நிறுத்திவிட்டு அரிவாள்மணையை எடுத்துக் கழுவத் தொடங்குவார்.